டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’: வாசகர் வட்டத்துக்கு எப்படிப் பிரிப்பது, எங்கே சிக்கும்?

சிப்புட் வாசகி:

வணக்கம். சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டம் அடுத்து எடுக்கப்போவது ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஆசிரியைகள் இரண்டு பேர், வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், மற்றவர்கள் ஐந்தாம் படிவப் பிள்ளைகள். ஆங்கிலம் எல்லாருக்கும் ஒரே அளவாக வராது. பேச்சு தமிழில்தான்.

எந்தப் பதிப்பை வாங்கச் சொல்வது? எத்தனை கூட்டமாகப் பிரிப்பது? கதாநாயகன் பிப்பின் அக்காள் கணவரான கொல்லர் ஜோ பேசும் ஆங்கிலத்தைப் பிள்ளைகளால் எழுத்துக்கூட்டவே முடியவில்லை, என்ன செய்யலாம்? பவுண்டு, ஷில்லிங், கினி கணக்கை யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். துரை, கிராணி (எழுத்தர்), மண்டோர் (மேற்பார்வையாளர்), தொழிலாளி என்று நம் தோட்டத்து அடுக்கை வைத்துக் கதையை விளக்கினால் பெரியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும் என்று ஒரு யோசனை இருக்கிறது. அது சரிவருமா? கடைசியாக, முடிவு இரண்டு உண்டாமே, எதைப் படிப்பது?

—

ஈப்போ நூலகப் பூனை:

முதலில் புத்தகத்தைப் பார்ப்போம். கடையில் மலிவாகக் கிடைப்பதில் நிறைய சுருக்கப் பதிப்புகள். அது சுருக்கம் என்பதை உள்பக்கத்தில் பொடி எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். அதைத் தேடுவதைவிடக் கடைசி அத்தியாயத்தின் எண்ணைப் பாருங்கள். 59 என்றிருந்தால் முழு நாவல். 20 என்றிருந்தாலும் உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 1861இல் நூலாக வந்தபோது மூன்று தொகுதிகளாக வந்தது. சில பதிப்புகள் இன்றும் அதே முறையில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒன்றிலிருந்து எண் போடுகின்றன: முதல் தொகுதியில் 19 அத்தியாயம், மற்ற இரண்டிலும் இருபது இருபது. உங்கள் வட்டத்தில் இரண்டு வகைப் புத்தகமும் வந்து சேரும், முதல் கூட்டத்திலேயே குழப்பம் வரும். இரண்டாம் தொகுதி எண்ணோடு 19ஐயும் மூன்றாம் தொகுதி எண்ணோடு 39ஐயும் கூட்டினால் தொடர் எண் கிடைத்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் தொடர் எண்ணை மட்டும் போடுங்கள், பக்க எண் வேண்டவே வேண்டாம்.

பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் குட்டன்பெர்க் தளத்தில் முழு நாவலும் இலவசம். லிப்ரிவாக்ஸில் ஒலிப்பதிவும் இலவசம், 18 மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஆனால் குறிப்புகளோடு கூடிய அச்சுப் புத்தகம் வட்டத்துக்கு ஒன்றாவது இருக்கட்டும். வாங்குவதற்கு முன் பின்னிணைப்பில் முதலில் எழுதிய முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இப்படிப்பட்ட பதிப்புகளின் முன்னுரையில் கதையின் முடிச்சை முதல் ஐந்து பக்கத்திலேயே போட்டு உடைத்துவிடுவார்கள். பின்னட்டையும் அப்படித்தான். முன்னுரையைக் கடைசியில் படிக்கச் சொல்லுங்கள்.

மொத்தம் சுமார் 185,000 சொற்கள். நிதானமாகப் படிப்பவர் நிமிடத்துக்கு 150 சொல் படித்தால் 20 மணி நேரம் கொஞ்சம் கூடுதல். இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம், மொத்தம் ஒன்பது கூட்டம் என்று வைத்தால் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பிரிவு இப்படி: 1–7, 8–13, 14–19, பிறகு 20–26, 27–33, 34–39, பிறகு 40–46, 47–53, 54–59. நாவலே மூன்று கட்டமாகப் பிரிந்திருக்கிறது. 19இலும் 39இலும் கட்டம் முடியும். அந்த இரண்டு இடத்தையும் எக்காரணம் கொண்டும் தாண்டி நிறுத்தாதீர்கள். குறிப்பாக 39இல் கூட்டம் முடிந்தாக வேண்டும். அடுத்த இரண்டு வாரமும் அதையேதான் பேசுவார்கள்.

இது தொடர்கதையாக வந்தது என்பதைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள், வாரப் பத்திரிகை படித்து வளர்ந்தவர்களுக்கு உடனே புரியும். டிக்கன்ஸ் தாமே நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில் 1860 டிசம்பர் 1 தொடங்கி 1861 ஆகஸ்டு 3 வரை 36 வாரம் வந்தது. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ அத்தியாயம். அதனால்தான் அத்தியாயக் கடைசியில் ஒரு கொக்கி மாட்டியிருக்கும். பாதி அத்தியாயத்தில் மூடி வைத்தால் அந்தக் கொக்கி போய்விடும். மறுநாள் எடுக்கவும் மனசு வராது.

எங்கே சிக்கும்? முதல் அத்தியாயத்தில் வாக்கியங்கள் நீளம். அதை வீட்டில் படிக்கச் சொல்லாமல் முதல் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படித்துவிடுங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். கல்லறைத் தோட்டம், கைதி சிறுவனைத் தலைகீழாகத் தூக்குவது, கோயில் கோபுரம் கவிழ்ந்து தெரிவது எல்லாம் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் 19 வரை வண்டி ஓடும். நிற்பது 20க்கும் 26க்கும் நடுவில். லண்டன் வந்ததும் வக்கீல் ஜாகர்ஸின் எழுத்தர் வெமிக், பிப்பின் அறைத்தோழன் ஹெர்பர்ட், அவன் அப்பா மேத்யூ பாக்கெட், அந்த வீட்டுக் குழந்தைகள், டிரம்மில், ஸ்டார்டாப் என்று புது ஆட்கள் கூட்டமாக வந்து இறங்குவார்கள். கதையும் மெதுவாகும். அதற்கு முந்திய கூட்டத்திலேயே அரைப்பக்கப் பெயர்ப்பட்டியல் கொடுத்துவிடுங்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பது மட்டும் போதும், ரகசியம் எதையும் எழுத வேண்டாம். பாக்கெட் வீட்டுக் குழந்தைகளை யாரும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. 31ஆம் அத்தியாயத்தில் வாப்சல் ‘ஹேம்லட்’ நாடகம் போடுகிறார். அந்த நாடகம் தெரியாதவர்களுக்குச் சிரிப்பு வராது, மேலோட்டமாகத் தள்ளிவிடலாம்.

—

மேட்டு பங்களா:

பூனை சொன்ன பிரிவு நல்ல பிரிவு. 31ஐத் தள்ளச் சொன்னதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாப்சல் ஊர்க் கோயிலில் எழுத்தர். நல்ல குரல், அதைவிடப் பெரிய நினைப்பு. லண்டன் போய்ப் பெயரை வால்டன்கார்வர் என்று மாற்றிக்கொண்டு மேடையேறுகிறார், ஜனங்கள் கூச்சல் போடுகிறார்கள். அதே ஊரிலிருந்து அதே லண்டனுக்கு வந்து பெரிய மனிதன் வேஷம் போடும் பிப் கீழே உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரிக்கிறான். தன்னைத்தான் பார்க்கிறோம் என்று அவனுக்கு உறைக்கவில்லை. ஹேம்லட் தெரியாவிட்டால் என்ன, ஊர்த் திருவிழாவில் வசனம் மறந்து நின்ற ராஜபார்ட்டைப் பார்க்காதவர் உங்கள் வட்டத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்போது அந்தத் தோட்டத்து அடுக்கு. தங்கச்சி, யோசனை நல்லதுதான், ஆனால் நேராகப் பொருத்தினால் மூன்று இடத்தில் தப்பாகும்.

ஜோ லயத்து ஆள் இல்லை. கொல்லுலை அவருடையது, வீடு அதோடு ஒட்டியது, கீழே ஓர்லிக் என்று ஒரு கூலியாள் வேலை செய்கிறான். கிராமத்தில் அவர் கௌரவமான கைவினைஞர், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அவரை ஏழை என்று நினைத்துப் படித்தால் பிப்பின் வெட்கம் வறுமையால் வந்தது என்றாகிவிடும். சாப்பாட்டுக்குக் குறையில்லாத வீட்டில் இருந்துகொண்டுதான் அவன் வெட்கப்படுகிறான்.

சிறுவன் பிப் போய்வரும் பெரிய வீட்டுக்காரி மிஸ் ஹேவிஷம் துரைசானியும் இல்லை. அவள் சொத்து மதுபான ஆலையில் வந்தது. வீட்டின் பக்கத்திலேயே அந்த ஆலை பாழடைந்து கிடக்கும். 22ஆம் அத்தியாயத்தில் ஹெர்பர்ட் இதைப் பற்றி ஒரு கிண்டல் அடிக்கிறான்: ரொட்டி சுட்டு விற்றால் பெரிய மனிதர் ஆக முடியாது, பீர் காய்ச்சி விற்றால் ஆகலாம், ஏன் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு இடத்தைக் கூட்டத்தில் எடுத்துப் பேசினால் அந்தக் கால இங்கிலாந்தின் மேல்-கீழ் கணக்கு எவ்வளவு கோணல் என்பது விளங்கிவிடும்.

மூன்றாவது, 13ஆம் அத்தியாயத்தில் பிப் ஜோவிடம் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துச் சேர்கிறான். நம் பெரியவர்கள் இதைச் சஞ்சிக்கூலியோடு சேர்த்துப் பேசத்தான் செய்வார்கள். இரண்டுமே ஒப்பந்தம், மற்றபடி வேறு. பிப் எழுதிக் கொடுப்பது தொழில் பழகும் பத்திரம். அதற்கு எஜமானுக்குப் பணம் கட்டுவது பையன் தரப்பு, முடியும்போது அவன் தேர்ந்த கொல்லன். மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்ட சஞ்சி முறையில் முன்பணமே கூலியாளின் காலில் மாட்டிய கட்டு.

அப்படியானால் எதை ஒப்பிடலாம்? துரையை விட்டுவிட்டுப் பங்குதாரரைப் பிடியுங்கள். பால் வெட்டியவர் இங்கே, லாப ஈவு வாங்கியவர் லண்டனில், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. பழைய ஸ்டெர்லிங் கம்பெனித் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. லண்டனில் பிப் உட்கார்ந்து சாப்பிடும் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை 20ஆம் அத்தியாயத்திலேயே பலகையில் எழுதி வைத்துவிடுங்கள். பதிலை 39 சொல்லும். ஹெர்பர்ட்டும் 22இல் கிழக்கிந்தியாவோடு பட்டு, வாசனைப் பொருள் வியாபாரம் செய்யப்போவதாகவும், சிலோனிலிருந்து யானைத் தந்தம் கொண்டுவரப்போவதாகவும் கனவு காண்கிறான். கையில் காசே இல்லாதவன் அவன். ஆனால் கனவு நம் பக்கத்துக் கடலைத்தான் பார்க்கிறது.

அடுக்கைவிட முக்கியம் 8ஆம் அத்தியாயத்துச் சாப்பாடு. மிஸ் ஹேவிஷம் வளர்க்கும் பெண் எஸ்டெல்லா ரொட்டியும் இறைச்சியும் ஒரு கோப்பை பீரும் கொண்டுவந்து முற்றத்துக் கல்லின் மேல் வைக்கிறாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையில் கொடுக்கவில்லை. பிப் மறைவாகப் போய்ச் சுவரை உதைத்துத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுகிறான். அன்று காலை வரை அவன் கை அவனுக்குக் கை, பூட்ஸ் பூட்ஸ். சீட்டாட்டத்தின்போது அவள் சொன்ன பிறகுதான் ஒன்று முரட்டுக் கை, மற்றது தடிப் பூட்ஸ் ஆகிறது. பங்களாப் பின்வாசலில் எதையாவது வாங்கி நின்ற அனுபவம் உள்ளவர்கள் இந்த ஒரு பக்கத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுவார்கள், பேச விடுங்கள்.

பட்டறை அண்ணனுக்கும் வேலை கொடுங்கள். 5ஆம் அத்தியாயத்தில் சிப்பாய்கள் பழுதான கைவிலங்கைக் கொண்டுவருகிறார்கள். பூட்டு ஒன்று சரியாக விழவில்லை, இணைப்பும் பிடிக்கவில்லை. உலை மூட்ட வேண்டும், ஒரு மணி நேரத்தில் முடியாது, இரண்டு மணி நேரத்தை நெருங்கும் என்று ஜோ கணக்குச் சொல்கிறார். ஏன் அவ்வளவு நேரம் என்று அண்ணன் விளக்கட்டும். அதே உலைக்களத்திலிருந்துதான் அன்று விடியற்காலையில் பிப் கைதிக்காக அரம் திருடியிருக்கிறான் என்பதையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

—

பழைய செக்ரோல்:

(39ஐத் தாண்டாதவர்கள் என் பதிலைப் படிக்க வேண்டாம். முடிச்சு அவிழ்ந்துவிடும்.)

கணக்கு இது: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி. ரிங்கிட்டுக்கு மாற்றாதீர்கள். விலைவாசியை வைத்து மாற்றினால் ஒரு தொகை, கூலியை வைத்து மாற்றினால் அதைப்போல் பல மடங்கு. கூட்டம் அதிலேயே சண்டை போட்டு முடிந்துவிடும். அளவுகோலாக அந்தக் காலத்துப் பண்ணைக் கூலியை வையுங்கள். வாரத்துக்கு 10 ஷில்லிங் என்று வைத்தால் வருடத்துக்கு 26 பவுண்டு. இப்போது பாருங்கள்: பிப்பைத் தொழிலில் சேர்க்க மிஸ் ஹேவிஷம் கொடுப்பது 25 கினி, அதாவது 26 பவுண்டு 5 ஷில்லிங். ஒரு கூலியாளின் முழு வருட உழைப்பு ஒரு சின்னப் பையில் வந்துவிட்டது. 36ஆம் அத்தியாயத்தில் 21 வயதான பிப்புக்கு வருடம் 500 பவுண்டு என்கிறார் ஜாகர்ஸ். அது 19 வருடக் கூலி. உழைக்காமல்.

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டு எழுதிவாருங்கள்: அத்தியாயம், தொகை, யார் யாருக்கு, யாருக்குத் தெரியும். நான்காவது கட்டம்தான் உயிர். இந்த நாவலில் பணம் நகரும்போது யாரோ ஒருவருக்கு உண்மை தெரியாமல் இருக்கும்.

10: மதுக்கடையில் ஒரு புது ஆள் கொடுக்கும் ஒரு ஷில்லிங், அதைச் சுற்றியிருந்த காகிதம் பார்த்தால் இரண்டு ஒரு-பவுண்டு நோட்டு. 13: 25 கினி. 18: புதுத் துணிக்காக ஜாகர்ஸ் எண்ணி வைக்கும் 20 கினி, அதே அறையில் பிப்பை இழப்பதற்கு நஷ்டஈடு வேண்டுமா என்று ஜோவைக் கேட்க, அவர் கொதித்துப்போகிறார். பணம் வேண்டாம் என்று ஒருவர் சொல்லும் இடத்தையும் நோட்டில் ஏற்றுங்கள். 37: முதல் 500இல் பாதியைப் பிப் ரகசியமாகக் கட்டி ஹெர்பர்ட்டுக்கு கிளாரிக்கர் கம்பெனியில் இடம் வாங்கித் தருகிறான். 49: அந்தப் பாக்கியை முடிக்க மிஸ் ஹேவிஷம் 900 தருகிறாள். 57: நகைக்கடைக் கடன் 123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸ், பிப் காய்ச்சலில் கிடக்கும்போது ஜோ சத்தமில்லாமல் கட்டிவிட்டுப் போகிறார். கொல்லரின் சேமிப்பிலிருந்து.

இந்தப் பட்டியலை 37இல் நிறுத்திப் பாருங்கள். தன் பெயரைச் சொல்லாமல் ஒருவன் இன்னொருவன் வாழ்க்கைக்குப் பணம் போடுகிறான். தனக்கு நடப்பது என்னவோ அதையேதான் பிப் ஹெர்பர்ட்டுக்குச் செய்கிறான். வித்தியாசம், ஹெர்பர்ட் தனக்குச் சொந்தம் என்று பிப் நினைக்கவில்லை. மேக்விட்ச் (முதல் அத்தியாயத்துக் கைதி; பிறகு நாடு கடத்தப்பட்டு, பிப்புக்கு ரகசியமாகப் பணம் அனுப்பியவர்) நினைக்கிறார், தான் ஒரு பெரிய மனிதனைச் செய்து சொந்தமாக வைத்திருப்பதாகவே பேசுகிறார்.

அடுத்து அந்த இரண்டு நோட்டு. 10இல் வருபவை அழுக்கேறிய, வியர்வையில் ஊறிய நோட்டுகள், மாவட்டத்து மாட்டுச் சந்தையெல்லாம் சுற்றி வந்தவை மாதிரி இருக்கும். 39இல் தன் புரவலர் யார் என்று இன்னும் தெரியாத பிப், அந்தக் கடனைத் திருப்புவதாக நினைத்து இரண்டு நோட்டை எடுத்து நீட்டுகிறான். இவை சுத்தமான புது நோட்டுகள். மேக்விட்ச் அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீளவாக்கில் மடித்து, முறுக்கி, விளக்கில் காட்டிக் கொளுத்திச் சாம்பலைத் தட்டில் போடுகிறார். கொளுத்தப்பட்டதும் அவர் பணம்தான், பிப்புக்கு அது தெரியாது. இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்துப் படித்துக் காட்டுங்கள். ஆட்டுப் பண்ணையில் சம்பாதித்த காசு லண்டன் வந்து சலவையாகி நிற்கிறது. மேட்டு பங்களா சொன்ன பங்குதாரர் கணக்கு இங்கேதான் கூடுகிறது.

—

சிப்புட் வாசகி:

எல்லாருக்கும் நன்றி. செக்ரோல் ஐயா, அந்த நான்கு கட்ட நோட்டை அப்படியே அச்செடுத்துவிடுகிறேன். ஆசிரியைகள் முன்பே படித்துவிட்டார்கள், அவர்களிடமிருந்து இரண்டு கேள்வி. மேக்விட்ச் உயிரோடு இருக்கும்போதே பிப்புக்குக் கொடுத்த சொத்து எப்படி அரசாங்கத்துக்குப் போகிறது? ஊர் திரும்பினாலே தூக்கு என்பது உண்மைச் சட்டமா, கதைக்காகவா? ஜோவின் ஆங்கிலத்துக்கும் இரண்டு முடிவுக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

—

ஈப்போ நூலகப் பூனை:

உண்மைச் சட்டம்தான். ஆயுள் முழுவதும் நாடு கடத்தப்பட்டவர் அனுமதியில்லாமல் இங்கிலாந்து திரும்பினால் மரண தண்டனை என்று இருந்தது, 1834இல் எடுத்துவிட்டார்கள். கதை நடப்பதோ அதற்கு முந்திய காலத்தில். முதல் அத்தியாயம் 1800களின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1860இல் தொடரைப் படித்தவர்களுக்கே அது அப்பா காலத்துக் கதை. சதுப்பு நிலத்து ஆற்றில் நிற்கும் கைதிக் கப்பல்களும் அப்போது வழக்கொழிந்துவிட்டன.

சொத்து விஷயம் 55இல் வருகிறது, வேகமாகப் படித்தால் தவறிவிடும். பெருங்குற்றவாளியாகத் தீர்ப்பானவரின் உடைமை அரசுக்குப் போய்விடும். இந்தச் சட்டம் 1870இல்தான் ஒழிந்தது. பிடிபடுவதற்கு முன்பே பிப் பெயரில் முறையாக எழுதி வைத்திருந்தால் பேசிப் பார்த்திருக்கலாம், அப்படி எந்தப் பத்திரமும் இல்லை. சட்டத்தின் கண்ணில் பிப் அவருக்கு உறவும் இல்லை. வருடாவருடம் ஜாகர்ஸ் கையால் வந்தது செலவுக்குப் பணம், மூலதனம் மேக்விட்ச் பெயரிலேயே இருந்தது. பிப் வழக்காடப் போவதில்லை என்று முடிவு செய்கிறான். மேக்விட்ச் சாகும்வரை இது அவருக்குத் தெரியாது, பையன் பணக்காரன் என்ற நிம்மதியோடு போகிறார். செக்ரோல் அண்ணனின் நான்காவது கட்டத்தில் கடைசியாக ஏற வேண்டியது இதுதான்.

வெமிக் வருத்தப்படுவது ஆளைப் பற்றி அல்ல, கையில் எடுத்துப் போகக்கூடிய பொருள் போய்விட்டதே என்று. இதே மனிதர்தான் வால்வொர்த்தில் வீட்டைச் சுற்றி அகழி வெட்டி, பலகைப் பாலம் போட்டு, இரவு ஒன்பது மணிக்குப் பீரங்கி வெடித்து, காது கேளாத அப்பாவைச் சந்தோஷப்படுத்துகிறவர். அலுவலகத்தில் ஒரு மனிதர், வீட்டில் வேறு மனிதர். ஓய்வு பெற்ற கிராணிகள் இருந்தால் வெமிக்கை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

31 பற்றி மேட்டு பங்களா சொன்னது நியாயம். நேரம் இருப்பவர்கள் படிக்கட்டும். நேரமில்லாத ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு என் சலுகை தொடரும்.

—

கோலகங்சார் டீச்சர்:

ஜோவின் ஆங்கிலத்தைக் கண்ணால் படிக்கக் கூடாது, வாயால் படிக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாத கிராமத்தார் பேச்சை ஒலித்தபடியே டிக்கன்ஸ் எழுதியிருக்கிறார். எழுத்து விசித்திரமாகத் தெரியும், உரக்கச் சொன்னால் பாதி தானாகப் புரியும். வாக்கியத்தின் நடுவில் பொருளே இல்லாமல் ஒரு ‘விச்’ போடுவார், அதைத் தாண்டிப் போங்கள். லிப்ரிவாக்ஸை ஓடவிட்டுக்கொண்டே புத்தகத்தில் விரல் வைத்துப் பின்தொடர்வது பிள்ளைகளுக்கு நல்ல வழி. மேக்விட்ச் பேச்சுக்கும் இதே மருந்து. மேக்விட்ச் பேச்சில் எழுத்துகள் இடம் மாறும், ‘வி’ வரும் இடத்தில் ‘டபிள்யூ’ வரும், அவ்வளவுதான்.

ஜோவை மட்டும் பின்தொடரும் ஒரு குழு வைக்கலாம். 7, 18, 27, 57 நான்கும் போதும். 7இல் சின்னப் பிப் பலகையில் எழுத்துப் பிழையோடு ஒரு கடிதம் எழுதிக் காட்டுகிறான். ஜோ அதில் தன் பெயரின் இரண்டு எழுத்தைக் கண்டுபிடித்துப் பூரித்துப்போகிறார், மற்றதெல்லாம் அவருக்குக் கோடு. 57இல் அவரே கடிதம் எழுத உட்காருகிறார், கிராமத்துப் பெண் பிட்டி கற்றுக் கொடுத்திருக்கிறாள். பெரிய கருவிப்பெட்டியில் தேடுவது போலப் பேனாவைத் தேர்ந்தெடுத்து, சம்மட்டி பிடிக்கப்போகிறவர் மாதிரி சட்டைக் கையைச் சுருட்டி, இடது முழங்கையால் மேசையை அழுத்தி, வலது காலைப் பின்னால் நீட்டிக்கொண்டுதான் தொடங்குகிறார். கீழிறங்கும் கோடு ஒவ்வொன்றும் ஆறடி நீளம் போல மெதுவாக வரும். கடைசியில் காகிதத்தில் விழுந்த மைப்பொட்டை இரண்டு விரலால் எடுத்து உச்சந்தலையில் துடைத்துக்கொள்கிறார். பிள்ளைகளை நடித்துக் காட்டச் சொல்லுங்கள், வாக்கியம் தானாக விளங்கும்.

27இல் லண்டன் அறைக்கு ஜோ வரும்போது ஒரே தொல்லை தொப்பி. கணப்பு மேடை மூலையில் வைக்கிறார், விழுகிறது; பிடிக்கிறார், மறுபடி வைக்கிறார், மறுபடி விழுகிறது. பிப்பை ஒரு வாய்க்குப் பெயர் சொல்லி அழைக்கிறார், அடுத்த வாய்க்கு ‘சார்’ என்கிறார். வராமல் தடுக்க முடிந்திருந்தால் காசு கொடுத்தாவது தடுத்திருப்பேன் என்று பிப்பே எழுதுகிறான். கிளம்பும்போதுதான் ஜோ தலை நிமிர்கிறார்: இந்த உடுப்பில் நான் தப்பான ஆள், உலைக்களத்தில் சம்மட்டியோடு பார், அப்போது குறை தெரியாது என்கிறார். 57இல் பிப்புக்கு உடம்பு தேறத் தேற மறுபடி ‘சார்’ தலைகாட்டும். எந்தப் பக்கத்தில் திரும்பி வருகிறது என்று கோடு போட்டு வரச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பிப் நன்றி கெட்டவன் என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். கதையைச் சொல்வது வயதான பிப், நடந்துகொள்வது இளைய பிப். வீட்டை நினைத்து வெட்கப்படுவது கொடுமை என்று 14இன் தொடக்கத்தில் சொல்வது வயதானவர். இளையவன் குரலுக்கு ஒரு நிறம், வயதானவர் குரலுக்கு வேறு நிறம் என்று ஒரே பக்கத்தில் கோடு போட்டுப் பழகினால் அந்தத் தவறு வராது. 14, 27, 39 மூன்றிலும் செய்து பார்த்தால் போதும்.

முடிவுக்கு வருவோம். முதலில் எழுதியதில் கணவன் டிரம்மில் இறந்த பிறகு எஸ்டெல்லா ஷ்ராப்ஷர் டாக்டர் ஒருவரை மணந்துகொள்கிறாள். பிக்கடில்லி தெருவில் ஒரு முறை பிப்பைச் சந்திக்கிறாள். கூட இருக்கும் ஜோ-பிட்டி மகனைப் பிப்பின் பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறாள், அவனும் திருத்தவில்லை, பிரிந்துவிடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் நண்பர் புல்வர்-லிட்டன் மாற்றச் சொன்னதால், பாழடைந்த வீட்டுத் தோட்டத்தில் இருவரும் கைபிடித்து நடக்கும் இன்றைய முடிவை எழுதினார். பழையதை ஜான் ஃபார்ஸ்டர் டிக்கன்ஸ் வாழ்க்கை வரலாற்றின் மூன்றாம் தொகுதியில் 1874இல் வெளியிட்டார். இன்றைய முடிவிலும் கடைசி வாக்கியம் வழுக்கும். பிரிவின் நிழல் எதையும் தான் காணவில்லை என்கிறான் பிப். அவன் காணவில்லை என்பதற்காகப் பிரிவு வராது என்று ஆகாது. 1861 அச்சுக்கும் பின்னால் வந்த அச்சுக்கும் இந்த வாக்கியத்தில் சொல் வரிசையும் மாறியிருக்கிறது, ஆகவே உங்கள் வட்டத்துப் புத்தகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

எனக்குப் பழைய முடிவுதான் பொருத்தம். கல்லின் மேல் சாப்பாடு வைத்துவிட்டுப் போனவள் அவ்வளவு சுலபமாகக் கையைக் கொடுப்பாள் என்று நம்ப முடியவில்லை. ஆனால் கூட்டத்தில் இதை முதலில் சொல்லாதீர்கள். அச்சிலுள்ள முடிவை எல்லாரும் வீட்டில் படித்துவிட்டு வரட்டும். பழையது சில பத்திகள்தான், ஒன்பதாவது கூட்டத்தில் உரக்கப் படித்துவிட்டு எது சரி என்று கைதூக்கச் சொல்லுங்கள்.

—

மேட்டு பங்களா:

டீச்சர், நான் புது முடிவுப் பக்கம். எஸ்டெல்லா டிரம்மிலிடம் பட்ட அடியில் பழையவளாக இல்லை, அதை அவளே சொல்கிறாள். 11 வருடம் கெய்ரோவில் கணக்கெழுதிக் கடனடைத்த பிப்பும் பழையவன் இல்லை.

—

பழைய செக்ரோல்:

வாசகி, ஓர்லிக்கைப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். பிப்பின் அக்காளை அடித்துச் சாய்த்தது மேக்விட்ச் அரத்தால் அறுத்துப் போட்ட கால்விலங்கு. 16இல் அது கிடைக்கிறது, ஓங்கியவன் யார் என்பது 53இல் தெரியும். அரம் கொடுத்தவன் பிப். சுருக்கப் பதிப்பு ஏதாவது நுழைந்திருந்தால் பெரும்பாலும் வெட்டுப்பட்டிருப்பது இந்தச் சங்கிலிதான். 53ஐப் புரட்டிப் பாருங்கள். சுண்ணாம்புக் காளவாசல் இல்லையென்றால் அந்தப் புத்தகத்தை மாற்றச் சொல்லுங்கள்.